ஊதியமா, கடனா? கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொற்களும் ஓர் அறவியல் வினாவும்

முன்னுரை

கருநாடக மாநிலம் பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் அத்திபெலே. பெங்களூருவிலிருந்து ஓசூர் வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் இதனைக் கருநாடகத்தின் வாயில் எனலாம். இங்கும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்று மொழிகளும் நாள்தோறும் வழங்குகின்றன. தொழிற்பேட்டையும் வயற்காடும் அடுத்தடுத்துள்ள இப்பகுதியில் ஒரே சொல் மொழிக்கு மொழி வேறு பொருள் தருவதைக் காணலாம். அவ்வாறான சொற்களுள் ஒன்று ‘ஜீதம்’.

தெலுங்கு பேசும் தொழிலாளி மாதந்தோறும் தாம் பெறும் ஊதியத்தை ‘ஜீதம்’ என்கிறார். கன்னடம் பேசுவோர் அதனைச் ‘சம்பள’ என்பர். அவர்கள் வழக்கில் ‘ஜீத’ என்பது வாங்கிய கடனுக்காக நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு உழைக்கும் நிலையைக் குறிக்கும். ஒருவர்க்கு உரிமையாக வந்து சேரும் ஊதியத்தின் பெயர், மற்றொருவர்க்கு உரிமையிழப்பின் பெயராக இருக்கிறது. இவ்வேறுபாட்டைச் சொற்பொருள் மாற்றத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. ஊதியத்தைக் குறித்த சொல் அடிமைத்தனத்தைக் குறிக்கும் சொல்லாக மாறியது எவ்வாறு? ஊதியத்திற்கும் அடிமைத்தனத்திற்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு யாது? கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொற்கள் அக்கோட்டைக் காட்டுகின்றனவா, மறைக்கின்றனவா? இவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல், மூன்று வாழ்வு

‘ஜீதம்’ என்பதன் மூலம் வடமொழியின் ‘ஜீவிதம்’ என்பதாகும். உயிர்வாழ்க்கை, அதற்கான பிழைப்பு என்பன அதன் பொருள். இச்சொல் தமிழில் ‘சீவிதம்’ என வழங்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில் அரசுப்பணி புரிந்தோர்க்கும் கோயிற்பணி புரிந்தோர்க்கும் வாழ்வூதியமாக விடப்பட்ட நிலம் அல்லது நிலவருவாய் இச்சொல்லால் சுட்டப்படுகிறது. அங்கு அது பெருமைக்குரிய சொல். தெலுங்கில் அது பொதுவான ஊதியச் சொல்லாக நிலைபெற்றது. கன்னடத்திலும் தொடக்கத்தில் அதே பொருளே இருந்தது. 1894-இல் வெளிவந்த கிட்டெலின் கன்னட அகராதி இச்சொல்லுக்குப் பிழைப்பு, ஊதியம் என்னும் பொருள்களைத் தருகிறது. பின்னர்ப் பணமாகக் கிடைக்கும் ஊதியத்திற்குச் ‘சம்பள’ என்னும் சொல் நிலைத்துவிட, கடனுக்கு ஈடாக ஆண்டுக்கணக்கில் உழைத்த பண்ணை வேலையாளின் நிலைக்கே ‘ஜீத’ என்னும் பழஞ்சொல் எஞ்சியது எனக் கருத இடமுண்டு.

கருநாடகத்தில் இம்முறையை ஒழிக்கப் பாடுபட்டு வருவதும் ஆனேக்கல் வட்டத்தில் பணியாற்றியதுமான அமைப்பின் பெயர் ‘ஜீவிகா’. ‘ஜீத விமுக்தி கர்நாடகா’ என்பதன் சுருக்கமாகவும், ‘பிழைப்பு’ என்னும் பொருளுடைய தனிச்சொல்லாகவும் அது அமைந்துள்ளது. கட்டும் விடுதலையும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பெயர் பெற்றிருப்பது நோக்கத்தக்கது. பிழைப்பே கட்டாக மாறக்கூடும் என்பதும், கட்டிலிருந்து மீள்வதற்கும் பிழைப்பே வழி என்பதும் இதனால் பெறப்படும்.

சொற்களின் வகைப்பாடு

தமிழிலும் அண்டை மொழிகளிலும் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொற்களை, அவை எதனை முதன்மைப்படுத்துகின்றன என்னும் அடிப்படையில் ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது, உணவையும் பிழைப்பையும் முதன்மைப்படுத்துவன. ஜீதம் இவ்வகையினது. தமிழில் ‘படியாள்’ இதற்கு இணையானது. படி என்பது தானியம் அளக்கும் கருவி. அளந்து தரும் தானியத்தையும் அது குறிக்கும். நாளும் படி பெற்று உழைப்பவர் படியாள். அரசு ஊழியர் பெறும் பஞ்சப்படி, பயணப்படி ஆகியவற்றிலும் இதே சொல் பயில்வது ஈண்டு ஒப்பிடத்தக்கது. அலுவலருக்குப் படி என்பது ஊதியத்தின்மேல் கூடுதலாகக் கிடைப்பது. படியாளுக்கோ அதுவே முழுமையும்.

இரண்டாவது, இடத்தை முதன்மைப்படுத்துவன. ‘பண்ணையாள்’ என்னும் சொல் மனிதரை அவர் உழைக்கும் நிலத்தோடு பிணைக்கிறது. தஞ்சைப் பகுதியில் இச்சொல் வேரூன்றியிருந்தமையை, 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தன் பெயரிலேயே அதனைக் கொண்டிருப்பதால் உணரலாம்.

மூன்றாவது, உடைமையை முதன்மைப்படுத்துவன. அடிமை, ஆள் என்பன இவ்வகையின. ‘ஆள்’ என்பது வினையாக நிற்கும்போது ஆளுதலைக் குறிக்கிறது. பெயராக நிற்கும்போது ஆளப்படும் பணியாளையும் குறிக்கிறது. ஒரே சொல்லின் இரு முனைகளில் ஆண்டானும் அடிமையும் நிற்கின்றனர்.

நான்காவது, ஊதியமின்மையை முதன்மைப்படுத்துவன. அர்த்தசாத்திரம் முதலிய நூல்களில் பயிலும் ‘விஷ்டி’ என்னும் வடசொல் தமிழிலும் தெலுங்கிலும் ‘வெட்டி’ எனவும், கன்னடத்தில் ‘பிட்டி’ எனவும் வழங்குகிறது. சோழர் கல்வெட்டுகளில் ஊரார் ஊதியமின்றிச் செய்ய வேண்டிய உழைப்புக் கடமைகளுள் ஒன்றாக வெட்டி அடிக்கடி இடம்பெறுகிறது. இன்றைய பேச்சுவழக்கில் ‘வெட்டி வேலை’ என்பது பயனற்ற வேலையைக் குறிக்கிறது. கூலியில்லாத வேலை பயனில்லாத வேலையாகப் பொருள் திரிந்தது எனலாம். ஏரி வெட்டியதும் கரை உயர்த்தியதும் பயனற்ற வேலைகள் அல்ல. பயன் இருந்தது, உழைத்தவர்க்குத்தான் அது சேரவில்லை.

ஐந்தாவது, சாதிப்பெயரே உழைப்பின் பெயராக நிற்பன. ஹொலெய, செருமர் போன்ற பெயர்கள், அக்குலத்தில் பிறந்தோர் கட்டாய உழைப்புக்கு உரியோர் என்னும் சமூக வழக்கைத் தம்முள் அடக்கியிருந்தன. சிவராம காரந்தர் 1933-இல் எழுதிய ‘சோமன துடி’ என்னும் கன்னடப் புதினம் இந்நிலையைக் கருப்பொருளாகக் கொண்டது. சொந்தமாக நிலம் உழ வேண்டும் என்னும் சோமனின் விருப்பத்திற்குக் கடனும் பிறப்பும் ஒருசேரத் தடையாகின்றன.

இவ்வகைப்பாட்டால் ஓர் உண்மை புலப்படும். உழைப்பவர் எதை உண்கிறார், எங்கே உழைக்கிறார், யாருக்கு உரியவர், எதைப் பெறவில்லை, எக்குலத்தில் பிறந்தார் என்பவற்றை இச்சொற்கள் கூறுகின்றன. அவர் விலகிச் செல்ல இயலுமா என்பதை இவற்றுள் எதுவும் வெளிப்படையாகக் கூறவில்லை. பிற மொழிகளிலும் இத்தகைய மறைவு உண்டு. கட்டாய உழைப்பைக் குறித்த ‘ரொபோட்டா’ என்னும் செக் மொழிச் சொல்லிலிருந்து, கரேல் சாபெக்கின் 1920-ஆம் ஆண்டு நாடகத்தின் வழியாக ‘ரோபோ’ பிறந்தது. இன்று இயந்திர மனிதனைப் பற்றிப் பேசுவோர் நிலக்கிழாரின் வயலில் முறைவைத்து உழைத்த குடியானவரை நினைப்பதில்லை.

செஞ்சோற்றுக் கடன் என்னும் அறம்

பிழைப்பைக் குறித்த சொல் கட்டைக் குறிக்கும் சொல்லாக மாறியதற்குச் சமூகத்தில் நிலவிய ஓர் அறக்கருத்தும் துணைநின்றது எனலாம். உண்ட சோற்றுக்குக் கடன்பட்டவர் உயிரைக் கொடுத்தேனும் அதனைத் தீர்க்க வேண்டும் என்பது அக்கருத்து. தமிழில் இது செஞ்சோற்றுக் கடன் எனப்படும். பழங்கன்னட மரபில் இதற்கு நேரிணையான ‘ஜோளவாளி’ என்னும் கருத்து உண்டு. ஜோளம் என்பது சோளம். தலைவன் அளித்த சோளத்திற்கு ஈடாக வீரன் போரில் உயிர்விடுதல் அதன் பொருள். கருநாடகத்திலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் மிகுதியாகக் காணப்படும் நடுகற்கள் இவ்வறத்தைப் போற்றிய சமூகத்தின் சான்றுகளாகும். கன்னனின் பாத்திரம் இருமொழி மரபிலும் பெருமை பெற்றதற்கும் இவ்வறமே காரணம்.

இவ்வறத்தை முற்றிலும் பழித்தல் பொருந்தாது. செய்ந்நன்றி அறிதல் மனித உறவின் அடிப்படைகளுள் ஒன்று. வள்ளுவர் அதற்குத் தனி அதிகாரம் வகுத்துள்ளார். ஆனால், நன்றி கொடைக்கு உரியது, ஊதியத்திற்கு உரியதன்று. கொடை என்பது கடமையின்றி அளிக்கப்படுவது. ஆதலின் பெற்றவர் உள்ளத்தில் ஒரு கடப்பாட்டை விட்டுச் செல்கிறது. ஊதியமோ முன்னரே அளிக்கப்பட்ட உழைப்புக்கு ஈடு. மாலையில் கூலி கைமாறியதும் கணக்கு முடிந்துவிடுகிறது. இருவரும் ஒருவருக்கொருவர் கடன்படாதவராகப் பிரியலாம்.

நடுகல் வீரனுக்கும் படியாளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்குக் கருதத்தக்கது. வீரன் தன் கடனைத் தீர்த்தான். தீர்த்ததற்குக் கல் நடப்பட்டது. அவன் மரபினர்க்கு நிலம் வழங்கப்பட்டதும் உண்டு. படியாள் தன் கடனைத் தீர்த்ததாக எவரும் ஏற்றுக்கொள்வதில்லை. அவர் உண்ட சோறு அவருடைய உழைப்பின் விளைவே. எனினும் அது தலைவரின் கையால் அளக்கப்படுவதால் கொடையாகத் தோற்றமளிக்கிறது. ஊதியம் கொடையாகப் பெயர் பெறும்போது உழைப்பவர் கடனாளி ஆகிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது பழமொழி. அந்த உப்பை விளைவித்தவர் யார் என்னும் வினா அப்பழமொழிக்குள் எழுவதில்லை.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒருவர் 20,000 ரூபாய் முன்பணமாகப் பெறுகிறார் எனக் கொள்வோம். அதனைக் காரணம் காட்டி, வழக்கமான நாட்கூலியில் 100 ரூபாய் குறைத்து அவருக்குக் கொடுக்கப்படுகிறது. 200 நாட்களில் முன்பணம் முழுவதும் திரும்பிவிட்டது. 201-ஆம் நாளிலிருந்து கடன்பட்டவர் வேலை கொடுத்தவரே. ஆனால், கட்டுண்ட உழைப்பில் அந்த 201-ஆம் நாள் வருவதேயில்லை. குறைத்த தொகை கணக்கில் ஏறாது. உண்ட உணவும் உற்ற நோயும் வராத நாட்களும் கணக்கில் ஏறும். மகளின் திருமணத்திற்கு நிலவுடைமையாளர் பணம் தந்தார் என்பது பலகாலம் பேசப்படும். அப்பணம் எவருடைய குறைந்த கூலியிலிருந்து சேர்ந்தது என்பது பேசப்படுவதில்லை.

ஓலையும் இசைவும்

கட்டுண்டவர் தாமே இசைந்துதானே பணம் பெற்றார் என்னும் வாதம் அடுத்து ஆராயத்தக்கது. இதற்குத் தமிழ் மரபிலேயே சான்றுகள் உள. திருப்பாம்புரத்துக் கல்வெட்டு, 1201-ஆம் ஆண்டளவில் பஞ்சத்தால் நலிந்த வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைக் கூறுகிறது. ஆவணத்தின்படி அது இசைவே. ஆனால், பட்டினிக்கும் அடிமைத்தனத்திற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்துகொள்வதை முழுமையான இசைவு எனக் கூறுதல் இயலுமா? மகள்களின் இசைவு எவரால் பெறப்பட்டது?

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இடம்பெறும் தடுத்தாட்கொண்ட நிகழ்ச்சியும் இவ்வகையில் சிந்திக்கத்தக்கது. திருமண நாளில் முதியவராக வந்த இறைவன், சுந்தரர் தமக்கு அடிமை என்று வழக்குரைக்கிறார். சுந்தரரின் பாட்டனார், தாமும் தம் வழிவந்தோரும் அடிமை செய்வதாக எழுதிய ஓலை சான்றாகக் காட்டப்படுகிறது. சுந்தரர் அதனைக் கிழித்தெறிந்தபின் மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டப்பட, பாட்டனாரின் கையெழுத்தோடு அது ஒப்பிடப்பட்டு வழக்கு முடிகிறது. இந்நிகழ்ச்சியின் சமயப்பொருள் வேறு. அங்கு அடிமையாதலே உயிரின் விடுதலை. எனினும் அச்சமயப்பொருளை உணர்த்தப் புலவர் மேற்கொண்ட சட்ட வடிவம் அக்கால மக்கள் அறிந்ததாகவே இருந்திருக்க வேண்டும். பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பதை அவை ஏற்கிறது. வழிவழியாகத் தொடரும் கட்டு எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கியச் சான்று அரிது. ஒரு வேறுபாடும் உண்டு. ஆட்கொள்ளப்பட்ட சுந்தரர் ‘தம்பிரான் தோழர்’ ஆனார். பண்ணையின் ஆள் தலைவரின் தோழரானதாக வழக்கு இல்லை.

இசைவு பற்றிய இவ்வினாவை மேலைநாட்டு அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் எழுப்பினார். ஒருவர் தம்மைத்தாமே அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது; சுதந்திரத்தைக் கைவிடுவதற்கான சுதந்திரம் என ஒன்று இருக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். மில் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர். அந்நூல் வெளிவந்த அதே 1859-இல் இந்தியாவில் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் இயற்றப்பட்டது. முன்பணம் பெற்றபின் வேலையைக் கைவிட்ட தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப அச்சட்டம் வழிவகுத்தது. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அது நீக்கப்பட்டது. 1843-ஆம் ஆண்டின் சட்டம் அடிமையுடைமைக்கு நீதிமன்றங்கள் துணைநிற்பதைத் தடுத்திருந்தது. ஓலையின் இடத்தை ஒப்பந்தம் பெற்றது. அடிமை என்னும் சொல் விலகியது. விலகிச் செல்லும் உரிமை மட்டும் வந்து சேரவில்லை.

தமிழர் கடல்கடந்து சென்ற இடங்களிலும் இதுவே நிகழ்ந்தது. இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டு வழங்கியது. இன்ன தொகை கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளரை விடுவிப்போம் எனத் தோட்ட நிருவாகம் எழுதித் தரும் சீட்டு அது. அச்சீட்டோடு கடன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு மாறியது. கடனோடு மனிதரும் மாறினார். 1921-இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு என்னும் எளிய தமிழ்ச்சொல் ஒருகாலத்தில் மனிதரின் விலையைச் சுமந்திருந்தது என்பதை இன்றைய வழக்கு நினைவில் கொள்ளவில்லை.

சட்டத்தில் சொல்லின் இடம்

இந்திய அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு மனித வணிகத்தையும் ‘பேகார்’ முறையையும் அதனையொத்த கட்டாய உழைப்பு வடிவங்களையும் தடைசெய்கிறது. ஆங்கில மூலத்திலேயே ‘பேகார்’ என்னும் நாட்டு வழக்குச்சொல் அவ்வாறே இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது. 1975 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டமும் அதன்வழி வந்த 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் இதனை மேலும் விரித்தன. ‘கொத்து’ திரளைக் குறிப்பதாகக் கொண்டால், குடும்பம் குடும்பமாகக் கட்டுண்டோர் என்னும் பொருள் ‘கொத்தடிமை’ என்னும் சொல்லில் அமையும்.

அச்சட்டத்தில் ‘ஒப்பந்தம்’ என்பதற்குத் தரப்பட்ட விளக்கம் சொல்லாய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டியது. சில கட்டாய உழைப்பு வடிவங்களில், எழுத்தோ வாய்மொழியோ இல்லாவிடினும் சமூக வழக்கின் அடிப்படையில் ஒப்பந்தம் இருப்பதாகக் கொள்ளப்படும் என்று கூறி, ஏறத்தாழ 30 சொற்களை அது பட்டியலிடுகிறது. ஜீதா, பாலேரு, படியாள், பண்ணையாள், அடியமார், வெட்டி ஆகியன அவற்றுள் அடங்கும். ஹொலெய, செருமர் என்னும் சாதிப்பெயர்களும் உழைப்பு வடிவங்களாகவே அப்பட்டியலில் நிற்கின்றன. ஒரு சொல் வழங்குவதே ஒரு கட்டு இருப்பதற்கான சான்றாகச் சட்டத்தால் ஏற்கப்பட்டது என்பது இதனால் விளங்கும். சமூகம் மறைக்கப் பயன்படுத்திய சொல்லைச் சட்டம் வெளிப்படுத்தப் பயன்படுத்தியது.

மேலும், சொற்கள் கூறாமல் விட்டதைச் சட்டம் கூறியது. தாமோ முன்னோரோ வழித்தோன்றலோ பெற்ற முன்பணத்திற்காகவும், வழக்கத்தாலோ பிறப்பாலோ வந்த கடப்பாட்டிற்காகவும், ஒருவர் கூலியின்றியோ பெயரளவுக் கூலிக்கோ உழைத்தல், வேறு தொழிலை நாடும் உரிமையை இழத்தல், நாட்டில் விரும்பியவாறு இடம்பெயரும் உரிமையை இழத்தல், தம் விளைபொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழத்தல் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் அது கொத்தடிமை முறையின்பாற்படும். அக்கடனும் சட்டத்தால் அழிந்துபடும். அது கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரைச் சேரும். 1861-இல் உருசியாவில் பண்ணையடிமைகள் விடுவிக்கப்பட்டபோது, பெற்ற நிலத்திற்காக 49 ஆண்டுகள் தவணை செலுத்த வேண்டும் என விதிக்கப்பட்டதோடு இதனை ஒப்பிடலாம். அங்கு விடுதலையே புதிய கடனைத் தந்தது. இங்குச் சட்டம் கடனையே அழித்தது.

1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்றது. கட்டாயம் என்பது உடல்வலிமையால் மட்டும் வருவதன்று; வறுமையால் வேறு வழியின்றிக் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக உழைக்க நேர்ந்தால் அதுவும் கட்டாயமே என அது தீர்ப்பளித்தது. திருப்பாம்புரத்துக் கல்வெட்டு எழுப்பும் வினாவுக்கு, எண்ணூறு ஆண்டு அளவில் பின்னர்க் கிடைத்த விடையாக இதனைக் கொள்ளலாம்.

எனினும் சட்டம் பட்டியலிட்ட சொற்கள் இன்று அருகி வருகின்றன. செங்கற்சூளை, அரிசி ஆலை, கற்குவாரி முதலிய இடங்களில் வழங்கும் சொல் ‘அட்வான்ஸ்’ அல்லது ‘முன்பணம்’. தமிழக நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்றாண்டு அளவில் விடுதிகளில் தங்கவைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகக் கூறிய முறை ‘சுமங்கலித் திட்டம்’ எனப் பெயர் பெற்றது. மங்கலச் சொல் ஒன்று, இடையில் விலகினால் உழைத்த பணத்தை இழக்க நேரும் நிலையைப் போர்த்தி நின்றது. படியாள், ஜீதம் என்னும் சொற்களால் கிடைத்த சட்டத்தின் ஊகம் இப்புதிய சொற்களுக்கு இல்லை. மீட்கப்பட்டவரின் விசாரணையில் அதிகாரி ‘கடன் தகராறு’ என எழுதுகிறாரா, ‘கொத்தடிமை’ என எழுதுகிறாரா என்பதைப் பொறுத்தே விடுதலைச் சான்றிதழ் அமைகிறது. 2016-ஆம் ஆண்டின் மத்தியத் திட்டம் ஒரு இலட்சம் முதல் மூன்று இலட்சம் ரூபாய் வரை வகுத்துள்ள மறுவாழ்வு உதவிக்கும் அச்சான்றிதழே வழி. ஒரு சொல்லின் தேர்வில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

இரு மறுப்புகள்

இங்கு இரு மறுப்புகள் எழலாம். குறைந்த கூலி, கடின உழைப்பு ஆகிய அனைத்தையும் அடிமைத்தனம் என்றால் அச்சொல்லின் வலிமை குறையாதா என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. வறுமையால் வருந்தும் உழைப்பாளர் அனைவரும் கட்டுண்டவர் அல்லர். அதனாலேயே பெறும் தொகையின் அளவை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், கணக்கு முடிகிறதா, விலகிச் செல்ல இயலுமா என்னும் இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என இக்கட்டுரை கருதுகிறது. மிகுந்த கூலி பெற்றும் விலக இயலாதவர் கட்டுண்டவரே. குறைந்த கூலி பெறுவோர் நாளை வேறிடம் செல்லக்கூடுமாயின் அவருக்கு நேர்வதும் அநீதிதான். ஆனால் அது வேறுவகை அநீதி.

உழைப்பவரே தம்மைக் கொத்தடிமை எனக் கூறாதபோது ஆய்வாளரோ அதிகாரியோ அவ்வாறு பெயரிடல் தகுமா என்பது இரண்டாவது. இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அடிமை எனப் பெயர் பெறுவதில் இழிவு உண்டு. அவ்விழிவை விரும்பாமல் ‘முதலாளியிடம் வாங்கியிருக்கிறேன், வேலை செய்கிறேன்’ என்று கூறுபவரின் தன்மதிப்பு போற்றத்தக்கது. ஆனால், பெயரால் இழிவு அடைய வேண்டியவர் கட்டுண்டவர் அல்லர்; கட்டியவரே. கொத்தடிமை என்பது ஒரு மனிதரின் இயல்பைக் குறிப்பதன்று. அவருக்கு இழைக்கப்பட்ட குற்றத்தைக் குறிப்பது. சாதிப்பெயரை உழைப்பின் பெயராக்கிய வழக்கு இவ்வேறுபாட்டைத்தான் அழித்தது. செய்யப்பட்ட தீங்கைச் செய்யப்பட்டவரின் பிறவிக்குணமாக அது மாற்றியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். கட்டாய உழைப்பைக் குறிக்கும் நம் சொற்கள் உணவு, இடம், உடைமை, ஊதியமின்மை, சாதி ஆகியவற்றை முதன்மைப்படுத்துகின்றன. விலகும் உரிமையின் இழப்பை அவை கூறுவதில்லை. ஊதியத்தைக் கொடையாகவும், கொடையைக் கடனாகவும் மாற்றிக் காட்டிய அறக்கருத்து அச்சொற்களுக்குப் பின்புலமாக அமைந்தது. செஞ்சோற்றுக் கடன் வீரனுக்குப் பெருமை தந்தது, உழவருக்குத் தளையானது. ஊதியத்திற்கும் அடிமைத்தனத்திற்கும் இடையிலுள்ள கோடு தொகையின் அளவில் இல்லை; கணக்கு முடிவதில் இருக்கிறது. கணக்கு முடியும் உறவில் உழைப்பவர் விடைபெறலாம். முடியாத உறவில் அவருடைய மக்களும் விடைபெற இயலாது.

சொற்பிறப்பை ஆராய்வோர்க்கு இதனால் ஒரு கடமை உண்டு. வழக்கிழந்த சொற்களைத் தொகுப்பதோடு, அவற்றின் இடத்தில் புதிதாக வந்தமர்ந்துள்ள மென்சொற்களையும் கள ஆய்வில் பதிவுசெய்தல் வேண்டும். அத்திபெலேயின் சாலையோரத்தில் ஒருவர் ஜீதம் பெறுகிறேன் என்கிறார். மற்றொருவர் ஜீதம் இருந்தேன் என்கிறார். இருவர் கூறுவதும் ஒரே சொல்தான். மாத இறுதியில் பெறுவதைப் பெற்றுக்கொண்டு வேறிடம் செல்ல உம்மால் இயலுமா, இயலுமாயிருந்ததா என இருவரிடமும் கேட்டுப் பெறும் விடையே அச்சொல்லுக்கு உரிய பொருளைத் தரும்.